முகவரிக்கும் ஒரு ஜமாபந்தி வேண்டும்!

மயிலாடுதுறையில் ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எழுபது வருஷமாக அதே தெரு. அதே திண்ணை. வீடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

ஆனால் அதன் முகவரி? அது ஊர் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது!

முதலில் அந்த வீட்டுக்கு வந்த கடிதங்களில், "மாயூரம், தஞ்சாவூர் ஜில்லா" என்று எழுதியிருந்தார்கள். 1982-ல் மாயூரம் மயிலாடுதுறை ஆயிற்று. 1991-ல் தஞ்சை மாவட்டம் பிரிந்தது. வீடு நாகப்பட்டினம் மாவட்டத்துக்குப் போயிற்று. 2020 டிசம்பரில் மயிலாடுதுறையே தனி மாவட்டம் ஆயிற்று.

இரண்டு ஊர்ப் பெயர். மூன்று மாவட்டப் பெயர். வீடு மட்டும் ஒன்றே!

அப்படி இருந்தும் கடிதம் வந்து சேர்ந்தது. எப்படி? தபால்காரர் இருந்தார். உறையில் என்ன எழுதியிருந்தாலும், "இது மேலத் தெரு வாத்தியார் வீட்டுக்கு" என்று அவருக்குத் தெரியும். வாத்தியார் மகன் வீட்டுக்குக் குடிபோயிருந்தால், அதுவும் தெரியும். தெரு பெயர் பாதி அழிந்திருந்தாலும் கடிதம் திண்ணைக்கு வந்துவிடும்.

அந்தக் காலம் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் ஆபீசுகளில் அது போய்விட்டது. இன்று ஆலையிலும், வங்கியிலும், கூட்டுறவுச் சங்கத்திலும், லாரி கம்பெனியிலும் கடிதம் என்றால் இ-மெயில்தான். அதைக் கொண்டுபோகிறவர் தபால்காரர் அல்ல, எந்திரம்.

எந்திரத்துக்கு எழுத்து தெரியும். ஊர் தெரியாது. ஆளையும் தெரியாது!

எழுதியபடி போகும்

1971-ல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்க இன்ஜினீயர் ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கடிதம் அனுப்பிக் காட்டினார். ஆளின் பெயருக்கும் கம்ப்யூட்டரின் பெயருக்கும் நடுவே ஒரு குறியைப் போட்டார். இன்று உலகம் முழுவதும் இ-மெயில் முகவரியில் இருப்பது அந்தக் குறிதான்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1972 ஆகஸ்டு 15-ந் தேதி, இந்தியத் தபால் துறை ஆறு இலக்கப் பின்கோடு முறையைக் கொண்டுவந்தது. ஒரே மாதிரிப் பெயர் கொண்ட ஊர்கள் பல. மொழிகள் பல. எழுத்துகளும் பல. பெயரை மட்டும் நம்பினால் குழப்பம் வரும் என்று எண்ணைக் கொடுத்தார்கள். தஞ்சாவூருக்கு 613001. கும்பகோணத்துக்கு 612001. மயிலாடுதுறைக்கு 609001. மாவட்டத்தின் பெயர் மாறியபோதும் இந்த எண் கடிதத்தைச் சேர்த்துக்கொண்டே இருந்தது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். தபாலில் எண் தவறினால் பெயர் காப்பாற்றும். பெயர் தவறினால் தபால்காரர் காப்பாற்றுவார். இ-மெயிலில் இப்படிக் காப்பாற்ற யாரும் இல்லை. எழுதிய முகவரிக்கே அது போகும். அந்த முகவரியில் இப்போது யார் இருக்கிறார், இருக்கிறவர் படிக்கிறாரா என்று அது கேட்காது.

ஆகவே முகவரியைச் சரியாக வைத்திருக்கவேண்டிய பொறுப்பு அனுப்புகிறவர் தலையில் விழுகிறது. அந்தப் பொறுப்பை எத்தனை ஆபீசுகள் உணர்ந்திருக்கின்றன?

திரும்பி வராத கடிதம்

ஓர் உதாரணம். தஞ்சாவூரில் ஒரு நெல் வியாபாரக் கம்பெனி இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். திருவாரூரில் அதற்கு ஒரு கிளை. கிளை மானேஜர் ராமநாதன் ஓய்வு பெற்றுவிட்டார். புது மானேஜர் வந்து மூன்று மாதம் ஆகிறது.

ஐப்பசி மாதம். குறுவை அறுவடை முடிந்து நெல் வெட்டவெளியில் குவிந்து கிடக்கிறது. மழை வரும் என்று செய்தி. தலைமை ஆபீசு குமாஸ்தா அவசரமாகக் கடிதம் தயாரிக்கிறார். "நாளைக் காலை நான்கு லாரி வருகிறது. ஆட்களை நிறுத்தி வையுங்கள். இன்று இரவே தார்ப்பாய் போட்டு மூடுங்கள்."

முகவரிக் கட்டத்தில் "ரா" என்று தட்டுகிறார். உடனே கம்ப்யூட்டர், "ராமநாதன், திருவாரூர்" என்று முழுப் பெயரையும் எடுத்துக் கொடுக்கிறது. குமாஸ்தாவுக்குப் பழகிய பெயர். கை தானாகப் பொத்தானை அழுத்துகிறது. கடிதம் போய்விட்டது.

எங்கே போயிற்று? ஓய்வு பெற்றவரின் பழைய பெட்டிக்கு! அந்தப் பெட்டியை யாரும் மூடவில்லை. யாரும் திறந்து பார்ப்பதும் இல்லை. கடிதம் திரும்பி வரவில்லை. ஆகவே, "சேர்ந்துவிட்டது" என்று தலைமை ஆபீசு நிம்மதியாக இருக்கிறது. "தகவலே வரவில்லையே" என்று கிளை ஆபீசும் நிம்மதியாக இருக்கிறது.

இரவு மழை கொட்டுகிறது. நெல் நனைகிறது.

நனைந்த நெல்லின் கதை தஞ்சை விவசாயிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரசுக் கொள்முதலில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது பொது விதி. டெல்டாவில் மழை பெய்தால் அதைத் தளர்த்தச் சொல்லிக் கேட்பதே ஒரு வழக்கமாகிவிட்டது. குவியலில் கிடக்கும் ஈர நெல் சூடேறும், நிறம் மாறும், முளைக்கும். பாடுபட்டவரின் பணம் அதோடு போய்விடும்.

இதில் யார் மீது குற்றம்? குமாஸ்தா சோம்பேறி அல்ல. புது மானேஜர் அசட்டையானவர் அல்ல. எந்திரமும் கெட்டுப்போகவில்லை. பழைய முகவரி ஒன்று நீக்கப்படாமல் கிடந்தது. அவ்வளவுதான்!

முகவரி தவறிய கடிதத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, திரும்பி வருவது. மற்றொன்று, திரும்பி வராதது. திரும்பி வரும் கடிதத்தைக் கண்டு பலர் எரிச்சல் அடைகிறார்கள். உண்மையில் அதுதான் நண்பன். "இந்த முகவரி செத்துப்போயிற்று, திருத்து" என்று அது முகத்துக்கு நேரே சொல்கிறது. திரும்பி வராத கடிதமே விரோதி. அது ஒன்றும் சொல்லாது!

இன்னொரு ஆபத்தும் உண்டு. வேலையை விட்டுப் போட்டிக் கம்பெனியில் சேர்ந்தவரின் சொந்த முகவரி பழைய பட்டியலில் இருந்தால், கொள்முதல் விலையும் சம்பளக் கணக்கும் அவர் கைக்கே போய்ச் சேரும். திருடன் வர வேண்டியதில்லை. கதவைத் திறந்து வைத்தவர் வீட்டுக்காரரே!

ஒரு புத்தகம் அல்ல, மூன்று!

"எங்கள் ஆபீசில் முகவரியைத் திருத்திவிட்டோமே" என்று சிலர் சொல்லலாம். அங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். ஓர் ஆபீசில் இருப்பது ஒரு முகவரிப் புத்தகம் அல்ல. மூன்று!

முதலாவது, ஆபீசுக்குப் பொதுவான புத்தகம். இதைக் கம்ப்யூட்டர் நிர்வாகி வைத்திருக்கிறார். இதைத் திருத்தினாலும் உடனே எல்லோருக்கும் தெரியாது. இந்தப் புத்தகத்தின் நகல் ஒன்றை ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தன்னிடம் இறக்கி வைத்துக்கொள்ளும். அந்த நகல் வழக்கமாக 24 மணி நேரத்துக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்படும். காலையில் திருத்திவிட்டு மாலையில், "இன்னும் பழையதே தெரிகிறதே" என்று சண்டை போடுவதில் பயன் இல்லை.

இரண்டாவது, ஒவ்வொருவரும் தனக்காக எழுதி வைத்திருக்கும் சொந்தப் புத்தகம். இதை நிர்வாகி திருத்துவதில்லை. எழுதியவர்தான் திருத்த வேண்டும்.

மூன்றாவதை யாரும் எழுதுவதே இல்லை. எந்திரம் தானாக எழுதிக்கொள்கிறது! யார் யாருக்குக் கடிதம் போயிற்று என்று அது ஞாபகம் வைத்துக்கொள்கிறது. இரண்டு எழுத்து தட்டியதும் பழைய பெயரை எடுத்து நீட்டுவது இதுதான். பல ஆபீசுகளில் உள்ள அவுட்லுக் என்னும் மென்பொருள் இப்படி 1,000 பெயர் வரை ஞாபகம் வைத்துக்கொள்ளும். முதல் இரண்டு புத்தகங்களையும் திருத்தினாலும், இந்த மூன்றாவது ஞாபகம் அழியாது. ராமநாதன் பெயரை நீட்டியது இந்த மூன்றாவது புத்தகமே.

அதற்கு வழி சுலபம். பழைய பெயர் எட்டிப்பார்க்கும்போது, அதன் பக்கத்தில் ஒரு சிறு பெருக்கல் குறி தெரியும். அதைத் தட்டினால் அந்தப் பெயர் போய்விடும். ஒரு விநாடி வேலை. ஆனால் அந்த ஒரு விநாடியைச் செலவழிக்காமல், ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். ஒரு நாள் அவசரத்தில் தாண்ட மறந்துவிடுகிறார்கள்!

பெயர் ஒன்று, எண் வேறு

சில நேரம் ஒரு வேடிக்கை நடக்கும். முகவரியில் ஓர் எழுத்துகூடத் தப்பு இல்லை. ஆள் அதே ஆள். அடுத்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இருந்தும் கடிதம், "இப்படி ஒருவர் இல்லை" என்று திரும்பி வருகிறது! எல்லோரும் தலையைச் சொறிகிறார்கள்.

இது நிலத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். "ஐயனார் கோவில் மேடை" என்று ஊரார் ஒரு வயலைச் சொல்வார்கள். கணக்கில் அந்தப் பெயர் இருக்காது. சர்வே எண்தான் இருக்கும். உட்பிரிவு செய்தால் ஊரார் சொல்லும் பெயர் மாறாது, எண் மாறிவிடும்.

ஆபீசுக்குள் போகும் இ-மெயிலிலும் இப்படித்தான். நாம் பார்ப்பது பெயரை. எந்திரம் பார்ப்பதோ உள்ளே வைத்திருக்கும் ஒரு நீண்ட அடையாளத்தை. ஒருவரின் பெட்டியை நீக்கிவிட்டு அதே பெயரில் புதுப் பெட்டி திறந்தால், பெயர் பழையது, அடையாளம் புதியது. எந்திரத்தின் ஞாபகத்தில் பழைய அடையாளம் இருக்கிறது. ஆகவே கடிதம் முட்டிக்கொண்டு திரும்புகிறது.

நிர்வாகி நினைத்தால் பழைய அடையாளத்தையும் புதுப் பெட்டியோடு சேர்த்து எழுதிவிடலாம். கிராமத்தின் 'அ' பதிவேட்டில் புது சர்வே எண்ணோடு பழைய எண்ணையும் குறித்து வைப்பது போலத்தான். பழையதைத் திருத்துவது என்றால் அடியோடு மறப்பது அல்ல. பழையது எங்கே போயிற்று என்று குறித்து வைப்பதும் திருத்தத்தில் சேர்ந்ததே.

தாத்தா பெயரில் பட்டா

காவிரிக் கரையில் பழைய பெயர் படுத்தும் பாடு புதிது அல்ல. தாத்தா இறந்து முப்பது வருஷம் ஆகியிருக்கும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கும். சாகுபடி செய்வது பேரன். கடன் கேட்கப் போனால், "பட்டாதாரர் எங்கே?" என்பார்கள். வெள்ள நிவாரணம் கேட்கப் போனாலும் அதே கேள்விதான். அன்றைக்கே வாரிசு பெயருக்கு மாற்றியிருந்தால் ஒரு மனுவோடு முடிந்திருக்கும். தள்ளிப்போட்டதால் நான்கு பங்காளிகளைத் தேடி நான்கு ஊருக்கு அலைய வேண்டியிருக்கிறது.

இந்தத் தொல்லைக்கு நம் நாட்டு நிர்வாகம் என்றோ ஒரு மருந்து கண்டுபிடித்தது. அதுதான் ஜமாபந்தி!

பசலி ஆண்டு ஜூலை 1-ந் தேதி தொடங்கி ஜூன் 30-ந் தேதி முடியும். அதையொட்டி ஆண்டுக்கு ஒரு முறை தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடக்கிறது. ஒவ்வொரு கிராமத்தின் கணக்கும் மேஜைக்கு வருகிறது. அதிகாரி சரிபார்க்கிறார். ஜனங்கள் பட்டா மாறுதலுக்கும் மற்றக் குறைகளுக்கும் மனு கொடுக்கிறார்கள். 1980-ல் கர்ணம் பதவி போயிற்று. கிராம நிர்வாக அதிகாரி வந்தார். கணக்கு நோட்டுப் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. ஜமாபந்தி மட்டும் போகவில்லை. ஏன்? கணக்கு என்று ஒன்று இருந்தால் அது பழசாகும். பழசானால் திருத்த வேண்டும். திருத்துவதற்கு ஒரு நாள் குறித்தால்தான் திருத்தம் நடக்கும்!

நிலக் கணக்குக்கு உள்ள இந்தப் புத்தி முகவரிக் கணக்குக்கு ஏன் இல்லை?

முகவரி பழசாவதற்குக் காரணமா இல்லை? ஆட்கள் மாற்றலாகிறார்கள். ஓய்வு பெறுகிறார்கள். மாவட்டங்கள் பிரிகின்றன; 1997-ல் திருவாரூர் தனி மாவட்டம் ஆனபோது எத்தனை ஆபீசுகளின் பலகை மாறியிருக்கும்! 2020 ஏப்ரல் 1-ந் தேதி பத்துப் பொதுத்துறை வங்கிகள் நான்காக இணைந்தன. இணைந்த வங்கியின் பெயர் மறைந்தால், அந்தப் பெயரில் முடியும் முகவரிகளும் ஒவ்வொன்றாக மறைய வேண்டியதுதான். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்தும் ஒரே மாதிரி நிற்பதில்லை. 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்தை மாற்றித் தமிழக அரசு ஓர் உத்தரவு போட்டது. சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது. ஒரே கிளை ஆபீசு ஒரே புத்தகத்தில் இரண்டு எழுத்தில் இரண்டு தடவை இருந்தால் ஆச்சரியம் இல்லை.

தூர் வாராத வாய்க்கால்

மேட்டூர் அணையை ஜூன் 12-ந் தேதி திறப்பது வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்துத் தேதி முன்பின் ஆவதும் உண்டு. 2022-ல் மே 24-ந் தேதியே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க நேர்ந்தது. எந்த ஆண்டானாலும் விவசாயி கேட்கும் முதல் கேள்வி ஒன்றே: "வாய்க்கால் தூர் வாரியாயிற்றா?"

அணையில் தண்ணீர் நிறைய இருக்கலாம். கல்லணையில் ஷட்டர் திறந்துவிடலாம். கிளை வாய்க்காலில் மண்ணும் ஆகாயத்தாமரையும் அடைத்துக்கொண்டிருந்தால், கடைமடை வயலுக்கு ஒரு சொட்டும் போகாது. தண்ணீர் வந்தபிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடுவதில் லாபம் இல்லை.

ஆபீசில் செய்தி என்பது தண்ணீர். முகவரிப் புத்தகம் வாய்க்கால். பணம் கொட்டிப் புதுக் கம்ப்யூட்டர் வாங்குகிறார்கள். வேகமான இன்டர்நெட் போடுகிறார்கள். அதெல்லாம் அணையை உயர்த்துவது போன்றது. வாய்க்காலைத் தூர் வாராமல் அணையை உயர்த்தி என்ன பயன்?

2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் கரையைக் கடந்தது. வேதாரண்யம் முதல் பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னை மரங்கள் சாய்ந்தன. மின் கம்பங்கள் விழுந்தன. அப்படிப்பட்ட நாளில் சரியான ஆளின் சரியான முகவரி கையில் இருக்க வேண்டும். புயல் அடிக்கும்போது முகவரி தேட முடியாது. புயல் இல்லாத நாளில்தான் தேடி வைக்க வேண்டும்!

செய்ய வேண்டியது என்ன?

முதலில், ஆளின் பெயரில் முகவரி வைக்கும் பழக்கத்தைக் குறைக்க வேண்டும். பதவியின் பெயரில் முகவரி வேண்டும். "ராமநாதன்" என்பதற்குப் பதில், "மானேஜர், திருவாரூர் கிளை" என்று இருக்கட்டும். ஆள் போவார், நாற்காலி இருக்கும். புதிதாக வருகிறவர் அந்தப் பெட்டியைத் திறந்தால் போதும். பின்கோடு மாவட்டப் பிரிவினைகளைத் தாண்டி நின்றதும் இப்படித்தான். மாறுகிற பெயரை அது நம்பவில்லை.

இரண்டாவது, ஒருவர் மாற்றலாகும்போதே முகவரி வேலையும் முடிய வேண்டும். சாவியையும் கணக்கையும் ஒப்படைப்பது போல, கடிதப் பெட்டியையும் ஒப்படைக்க வேண்டும். பழைய முகவரிக்கு வருவது கொஞ்ச காலம் புது மானேஜருக்குத் திரும்பிப் போகும்படி செய்துவிட்டு, பிறகு மூடிவிட வேண்டும்.

மூன்றாவது, "எல்லோருக்கும்" என்று வைத்திருக்கும் கூட்டுப் பட்டியலைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று அனுப்புகிறவர்களுக்கே தெரியாது. போனவர் உள்ளே இருப்பார். வந்தவர் வெளியே நிற்பார்.

நான்காவது, ஆண்டுக்கு ஒரு நாள் ஜமாபந்தி! மேட்டூர் திறக்கும் மாதத்திலேயே வைத்துக்கொள்ளலாம். அன்று ஒவ்வொருவரும் தம் சொந்தப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும். எந்திரத்தின் ஞாபகத்தில் உள்ள பழைய பெயர்களைத் தட்டி நீக்க வேண்டும். திரும்பி வந்த கடிதங்களை எடுத்து வைத்துத் திருத்த வேண்டும். சந்தேகமான முகவரிக்கு ஒரு வரி எழுதிப் பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

"நேரம் இல்லை" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. வாய்க்கால் வெட்ட நேரம் இல்லை என்று சொன்ன விவசாயி யாராவது உண்டா? சொன்னவர் வயலில் விளைந்தது உண்டா?

"இது கம்ப்யூட்டர்காரர் வேலை" என்றும் சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. பொதுப் புத்தகம் அவர் பொறுப்பு. மற்ற இரண்டும் கடிதம் எழுதுகிறவர் பொறுப்பு. ஆற்றைத் தூர் வாருவது அரசாங்கம். வயல் வாய்க்காலை வெட்டிவிடுவது வயல்காரர். இதைத் தஞ்சாவூரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை!

ஊர் தெரிந்த தபால்காரர் பல காலம் நம் தவறுகளை எல்லாம் தாங்கிக்கொண்டார். எந்திரம் தாங்காது. திருவாரூர்க் களத்தில் கிடக்கும் நெல்லுக்கு மழை வருமுன் தார்ப்பாய் வர வேண்டுமானால், தஞ்சாவூரில் ஒருவர் இன்றைக்கே உட்கார்ந்து அந்தப் பழைய பெயரை நீக்க வேண்டும்.